மலை ஏறினால் கொதிக்கிறது: பழைய எம்ஜி வைத்திருப்போர் கேட்டவை

நான் படித்த பொறியாளன் இல்லை. மலேசியாவில் தாப்பா பக்கத்தில் ஒரு தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். டிராக்டர், லேண்ட்ரோவர், துரை வீட்டு மோரிஸ் மைனர் என்று கை வைத்துப் பழகி, ஓய்வு பெற்ற பிறகு ஒரு 1966 எம்ஜிபியை (எம்ஜி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கிப் பின்கட்டுக் கொட்டகையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரியிடம் தினமும் திட்டு வாங்குகிறவன். கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்தக் காடிகளின் (கார்களின்) கையேடு இங்கிலாந்துக் குளிருக்கு எழுதியது; நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில பக்கங்களை மாற்றிப் படிக்க வேண்டும். வந்த கேள்விகளில் பாதி அந்தப் பக்கங்களைப் பற்றியதுதான்.

அண்ணே, என்னுடையது 1971 எம்ஜிபி. கேமரன் மலை ஏறும்போது வழியில் ரிங்லெட் ஊர் வருவதற்குள் முள் மேலே போய்விடுகிறது. ரேடியேட்டர் மாற்றியாச்சு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே போட்டாச்சு. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடிக்கவும் மாட்டேன் என்கிறது.

தம்பி, இங்கே இரண்டு நோய் இருக்கிறது. ஒன்று என்ஜின் சூடாவது. இன்னொன்று பெட்ரோல் கொதிப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் ரேடியேட்டருக்குக் காசு போயிற்று.

முதல் நோய்க்குக் காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம், பார்த்தீர்களா? தீப்பொறி தாமதமாக வந்தால் எரிய வேண்டியது எரிந்து முடியாமல் சூடு எக்ஸாஸ்ட் வழியாகவும் ஹெட் வழியாகவும் இறங்கும். சமதரையில் தெரியாது, மலையில் காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு) இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். அதைச் சரி செய்த பிறகுதான் டைமிங் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும்.

அடுத்தது என்ஜின் பிளாக். புது ரேடியேட்டர் போட்டவர்கள் பலர் பிளாக்கை மறந்துவிடுகிறார்கள். என்ஜின் ஆறிய பிறகு பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் நல்லது. ஒரு சொட்டும் வராவிட்டால் உள்ளே ஐம்பது வருடத் துரு சேறாகப் படிந்திருக்கிறது. குழாயை முழுதாகக் கழற்றி, கம்பியை விட்டுக் குடையுங்கள். என் காடியில் முதலில் கெட்டித் தயிர் மாதிரி ஏதோ அசைந்தது, பிறகு பொத்தென்று விழுந்து, பால் டின் நிறைய செம்மண் குழம்பு வந்தது. நான்காவது சிலிண்டரைச் சுற்றி அவ்வளவு நாளாகத் தண்ணீர் போகவே இல்லை! தெளிந்த தண்ணீர் வரும்வரை ரப்பர் குழாயால் எதிர்த் திசையில் அடித்துக் கழுவுங்கள். அப்புறம் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிடாதீர்கள். இங்கே தண்ணீர் உறையாது, அது சரி, ஆனால் கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு போதும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். 10 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் பிடிக்கும் மூடி என்றால் ஏறத்தாழ 115 டிகிரி வரை தாங்கும். ரப்பர் காய்ந்த மூடி எதையும் பிடிக்காது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். 82 டிகிரிக்குப் பதில் 74 டிகிரி போட்டால் நம் ஊருக்குப் பொருந்தும். ஆனால் அது சற்று முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். ஆற்ற முடியாத ரேடியேட்டரை ஆற்ற வைக்காது. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டினால் சமதரையில் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் தேய்மானம்தான் கூடும்.

ஓட்டும் விதமும் உண்டு. உங்கள் காடியில் ஃபேன் என்ஜினோடு பெல்ட்டில் சுற்றுகிறது. தாப்பாவிலிருந்து மலைமேல் தானா ராத்தா ஊர் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவு. அதில் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போனால் ஃபேனும் தண்ணீர்ப் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். இரண்டாவதுக்கு இறக்கிவிட்டால் சத்தம் கூடும், முள் இறங்கும்.

இப்போது இரண்டாவது நோய். எம்ஜிபி என்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போகும். நிறுத்தியதும் அடியிலிருந்து வரும் சூடு நேராகக் கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தைத் தாக்கும், பெட்ரோல் கொதித்து ஆவியாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருக்க வேண்டும். பல காடிகளில் யாரோ கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருப்பார்கள். பழைய தடுப்பின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டாதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் பானட்டைத் திறந்துவிட்டு ஓரமாக ஒரு தேநீர் குடியுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள்.

ஐயா, பெட்ரோலில் ரோன் (ஆக்டேன் தரம்) 95 போதுமா, 97 வேண்டுமா? ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வைத் தின்றுவிடும் என்கிறார்களே?

97 போடுங்கள். 8.8 கம்ப்ரஷன் என்ஜினுக்கு அந்தக் காலத்தில் கேட்டதே உயர்ரக பெட்ரோல்தான். 95-இல் மேடேறும்போது உள்ளே ஆணி போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம் கேட்டால் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டிவரும், அப்புறம் மேலே சொன்ன சூடு கதை. வால்வைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். வேறு வேலைக்கு ஹெட்டைக் கழற்றும் நாளில் கெட்டிப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுங்கள்.

என் அப்பா வாங்கிய 1965 எம்ஜிபி. பேட்டரியில் பாசிட்டிவ் ஒயர் உடம்போடு சேர்ந்திருக்கிறது. ஃபோர்மன் (மெக்கானிக்) பார்த்துவிட்டு "யாரோ தப்பா மாட்டியிருக்கான்" என்றார். மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள், அது தப்பு இல்லை. 1967 வரை வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த்தான். அதற்குப் பிறகுதான் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, எர்த்தும் நெகட்டிவுக்கு மாறியது. பேட்டரியும் ஒன்று இல்லை. சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் 6 வோல்ட் இரண்டு, வரிசையாக.

என் காடியும் அப்படித்தான். வாங்கிய புதிதில் ஒரு நாள் பேட்டரி இறங்கிவிட, பக்கத்து வீட்டு லோரியை ஒட்டி நிறுத்தி கேபிள் போட்டேன். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை, பழக்கத்தில் கறுப்பை உடம்பில் மாட்டிவிட்டது. புகையோடு போனது நான் ஆசையாகப் போட்ட ரேடியோ மட்டும், காடி பிழைத்தது. இப்போது பேட்டரி மூடியிலேயே சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன் சார்ஜரை நேராகச் செருகினால் எரியும், இதற்காகவே சிலர் மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி ஒயரைத் திருப்புவதோடு வேலை முடியாது. காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் புது திசையைக் கற்றுக்கொடுக்க வேண்டும்: அதன் சின்ன முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிருள்ள (உடம்போடு சேராத) முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று தடவை சும்மா தொட்டுத் தொட்டு எடுங்கள், பொறி பறக்கும். மின்சார ஆர்.பி.எம். மீட்டர் உள்ள காடி என்றால் அதன் உள்ளேயும் ஒயர் மாற்றம் உண்டு, அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். என்னைக் கேட்டால் அப்பா வைத்திருந்தபடியே வைத்திருங்கள்.

இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்கி அப்புறம்தான் பாய்கிறது. எந்த ஸ்குருவைத் திருகுவது?

எதையும் திருக வேண்டாம். கார்பரேட்டர் தலையில் இருக்கும் கறுப்பு அல்லது பித்தளை மூடியைக் கழற்றி, அதோடு வரும் தண்டைப் பாருங்கள். காய்ந்திருந்தால் அதுதான் காரணம். நீங்கள் மிதிக்கும்போது பிஸ்டன் சட்டென்று மேலே எழும்பாமல் எண்ணெய் பிடித்து வைக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும். என்ஜினுக்கு ஊற்றும் 20 டபிள்யூ 50 எண்ணெயே போதும். உள்ளே தெரியும் குழாயின் விளிம்புக்கு மேல் அரை அங்குலம் நிற்கும் அளவு. தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், நீர்த்துப்போனது.

எண்ணெய் இருந்தும் தயங்கினால் முதலில் வால்வு இடைவெளி, அப்புறம் பாயின்ட், அப்புறம் டைமிங். கார்பரேட்டர் கடைசி. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், கைக்கு எட்டுவது அதுதான் என்பதால். கடைசியில் அதற்கு வந்தால், என்ஜின் சூடான பிறகு ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயருகிலும் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே "ஸ்ஸ்" சத்தம் கேட்கும்வரை சரி செய்யுங்கள். பிறகு அடியில் இருக்கும் சின்னப் பின்னைத் தூக்கி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டுக்குக் கீழே உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். ஒரு முறைக்கு நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் அளவு, அதற்கு மேல் வேண்டாம்.

மழை பெய்த காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடையுங்கள். மூடிக்குள் முடி மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அங்கே ஓடி ஓடி வழி போட்டிருக்கிறது, துடைத்துப் பயனில்லை, புது மூடி.

கம்பிச் சக்கரத்தின் நடு நட்டைக் கழற்ற முடியவில்லை. சுத்தியலால் அடித்து அடித்து ஒரு காது வளைந்துவிட்டது.

இறுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். இடதுபக்கச் சக்கரங்களுக்கு வழக்கமான மரை, வலதுபக்கத்துக்கு எதிர்மரை. மனதில் வைக்க எளிய வழி: சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் அடித்தால் கழலும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், செம்பு அல்லது ஈயம். கழற்றியதும் உள்ளே பல் பல்லாக இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். பல் கத்திபோல் கூர்மையாகியிருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. கழற்றாமலே சோதிக்க, சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். "டொக்" என்று ஆடினால் தேய்ந்திருக்கிறது. ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்ததால் டிராக்டர் ஹைட்ராலிக் எண்ணெய் கொஞ்சம் ஊற்றினேன். பெடல் கல் மாதிரி இருக்கிறது.

காடியை எடுக்காதீர்கள். கனிம எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊறிப் பருத்துவிடும், பிரேக் பிடித்தது விடாது, இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை எல்லா ரப்பரும், ஹோஸும் மாற்ற வேண்டும், இரும்புக் குழாய்களைக் கழுவ வேண்டும். பாதி செய்வதற்கு இங்கே இடமில்லை. அப்புறம் டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. திறந்து வைத்த பழைய டின்னையும் வீசிவிடுங்கள்.

காடியை பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தும் துருப் பிடிக்கிறது. போதாததற்கு எலி ஒயரைக் கடிக்கிறது.

உறையை எடுங்கள், அதுதான் காரணம். தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே வேர்த்து இறங்குகிறது. மேலே கூரை, நாலு பக்கமும் காற்று, போதும். மூட வேண்டுமென்றால் பழைய பருத்திப் போர்வை. மாதம் ஒரு தடவை சக்கர வளைவுக்குள் கையை விட்டுச் செம்மண்ணை வழித்து எடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிதான் கூரையில்லாத எம்ஜிபிக்கு முதுகெலும்பு. அதன் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். முன்பக்கம் ஜாக் வைத்துத் தூக்கும்போது கதவு மூடத் திறக்க இடித்தால் அந்தப் பெட்டி உள்ளே அரித்துவிட்டது. மேலே மாவு பூசிப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு, வாங்குமுன் ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும்.

எலிக்கு மருந்து வைக்காதீர்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால் நாற்றம் ஒரு மாதம் போகாது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு ஆந்தைக் கூடு வைத்தார்கள், நம்மால் முடிந்தது பொறிதான். காடிக்குள் தீனி எதையும் விட்டு வைக்காதீர்கள், எலிக்குப் பின்னாலேயே வேறு விருந்தாளியும் வரும். அதனால் சீட்டுக்குப் பின்னால் பேட்டரி மூடியைத் திறக்குமுன் குச்சியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திறங்கள். போன மழைக்காலத்தில் என்னுடையதில் சுருண்டு கிடந்தது எலி இல்லை.