ஐம்பது வயது விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் நான்கு இருக்கைச் சிறு விமானங்களைச் சொந்தமாக வைத்திருக்கும் தமிழர்களும், அவர்களைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இருபது ஆண்டுகளாக ஒற்றை இன்ஜின் விமானம் வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன் 1975-இல் செய்யப்பட்ட செஸ்னா 172 விமானத்தை வாங்கியிருக்கிறான். ஐம்பது வருடப் பழைய விமானத்தில் யாராவது ஏறுவார்களா? வாங்குவதுதான் வாங்கினான், புதிதாக வாங்கியிருக்கக் கூடாதா?
— வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: உங்கள் மகன் வாங்கியிருப்பது, உலகில் மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமான வகை. 1956-இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து 44,000-க்கும் மேற்பட்ட செஸ்னா 172 விமானங்கள் வெளிவந்திருக்கின்றன. அமெரிக்காவில் இன்று பறக்கும் சிறு விமானங்களில் பெரும்பகுதி அவன் விமானத்தின் வயதை ஒட்டியவைதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1978-இல் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் ஒரே ஆண்டில் 17,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்தன. பொருளாதாரச் சரிவும், எப்போதோ விற்ற விமானம் விழுந்தாலும் செய்தவர்மீது தொடரப்பட்ட இழப்பீட்டு வழக்குகளும் சேர்ந்து, 1994-இல் அந்த எண்ணிக்கையை ஆயிரத்துக்கும் கீழே இறக்கிவிட்டன. செஸ்னா நிறுவனமே 1986-இல் பிஸ்டன் இன்ஜின் விமானங்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. பதினெட்டு ஆண்டுகளைக் கடந்த விமானத்துக்குத் தயாரிப்பாளர்மீது பொதுவாக வழக்குத் தொடர முடியாது என்ற சட்டம் 1994-இல் வந்த பிறகே அது மீண்டும் தொழிற்சாலையைத் திறந்தது. இன்று புதிய 172 ஒன்றின் விலையில் பல ஊர்களில் ஒரு நல்ல வீடு வாங்கிவிடலாம். ஆகவே உங்கள் மகன் பழையதை வாங்கியதைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம்.

பழைய காருக்கும் பழைய விமானத்துக்கும் உள்ள வேறுபாடு அதன் பதிவேட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கென்று தனி அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் ஒருவர் விமானத்தைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது சட்டப்படி பறக்க முடியும். ஓரிடத்தில் ஒரு குறை தெரியவந்தால், அதே வகை விமானங்கள் எல்லாவற்றுக்கும் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கட்டாயப் பழுதுநீக்க ஆணை பிறப்பிக்கும். செஸ்னாவில் விமானியின் இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் தேய்ந்துபோனால், விமானம் மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னுக்கு வழுக்கி, விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியும் அவரோடு பின்னால் இழுபட்டுவிடும். அப்படி நேர்ந்த விபத்துகளுக்குப் பின், அந்தத் தண்டவாளத்தின் துளைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்க்க வேண்டும் என்று ஆணை வந்தது.

இருந்தாலும் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. சிறு விமானம், நீங்கள் சென்னையில் ஏறும் பயணிகள் விமானத்தின் அளவுக்குப் பாதுகாப்பானது இல்லை. ஆனால் பெரும்பாலான விபத்துகளுக்கு விமானத்தின் வயதைவிட ஓட்டுபவரின் முடிவே காரணமாக இருந்திருக்கிறது: மேகம் திரண்டிருந்தும் கிளம்பியது, எரிபொருள் போதும் என்று நினைத்தது, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று அவசரப்பட்டது. அடுத்த முறை அவன் தொலைபேசியில் பேசும்போது விமானத்தின் வயதைக் கேட்க வேண்டாம். வானிலை சரியில்லை என்று கடைசியாக எப்போது பயணத்தை ரத்து செய்தான் என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நிம்மதியாக உறங்கலாம்.

கேள்வி: இரண்டு விமானங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் இன்ஜின் 1,400 மணி நேரம் ஓடியது, வாரந்தோறும் பறக்கிறது. மற்றதன் இன்ஜின் 400 மணி நேரமே ஓடியது. ஆனால் ஆறு ஆண்டுகளாக ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகையிலேயே நிற்கிறது. விலை சற்று அதிகமானாலும் இரண்டாவது நல்லதுதானே?
— ஒஹாயோ வாசகர்

பதில்: நானாக இருந்தால் முதலாவதை வாங்குவேன். குறைந்த மணி நேரத்தை நம்பி வாங்கும் தவறை நான் ஒருமுறை செய்து, அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறேன்.

இவ்வகை விமானங்களில் பரவலாக உள்ள லைகமிங் நிறுவனத்தின் இன்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் மேற்புறத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. இன்ஜின் நின்றுவிட்டால் அதன்மீது படிந்த எண்ணெய் மெல்ல வடிந்து கீழே இறங்கிவிடும். எண்ணெய்ப் படலம் நீங்கிய இரும்பில் காற்றின் ஈரம் படும். மாதக்கணக்கில் நின்ற இன்ஜினில் கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகள் தோன்றும். மறுபடி ஓட்டத் தொடங்கியதும் அந்தப் புள்ளிகள் உரசும் பாகங்களை அரம்போல ராவத் தொடங்கும். வாரம் ஒருமுறை ஹேங்கர் வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதும் உதவாது; எண்ணெய் போதிய சூடேறாததால் உள்ளே உண்டான நீராவி வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடும். இந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு, முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் கெடுவாக 2,000 மணி நேரத்தையும் கூடவே பன்னிரண்டு ஆண்டுகளையும் லைகமிங் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். சொந்தப் பயன்பாட்டு விமானத்துக்கு இந்தக் கெடு சட்டக் கட்டாயம் இல்லை. விளம்பரத்தில் மணி நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள்; ஆண்டை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என் முதல் விமானத்தின் இன்ஜினும் குறைந்த மணி நேரம் ஓடியதுதான். பெயின்ட் பளபளத்தது, இருக்கைகள் புதியவை. விற்றவர் காட்டிய மெக்கானிக்கின் சொல்லையே நம்பி வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைப் பிரித்து வெயிலில் பிடித்தேன். மடிப்புகளின் இடுக்கில் மினுமினுப்பாக ஏதோ தெரிந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் முடிபோல் மெலிந்த இரும்புத் துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. அந்த இன்ஜினை முழுவதுமாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடைக்காலம் முழுவதும் நான் பறக்கவில்லை.

ஆகவே விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மெக்கானிக் ஒருவரை நீங்களே பணம் கொடுத்து அமர்த்துங்கள். வடிகட்டியை உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். இறக்கையின் உட்புறத்திலும் வால் பகுதியிலும் அரிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்து எழுதப்பட்ட பதிவேடுகள் முழுவதையும் உட்கார்ந்து படியுங்கள். நடுவில் சில ஆண்டுகள் காணாமல் போயிருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். விமானத்தின்மீது கடன் பாக்கி இருக்கிறதா என்பது ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தின் ஆவணங்களில் தெரிந்துவிடும்.

கேள்வி: எனது 1973 மாடல் விமானத்தை மேம்படுத்தக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். பெரிய வண்ணத்திரை, ஆட்டோ பைலட், புதுப் பெயின்ட் மூன்றுக்கும் ஆசை. எதில் தொடங்கலாம்?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: மூன்றுக்கும் முன்னால் தோள்பட்டை வாரைப் பாருங்கள். 1978 ஜூலை 18-க்குப் பிறகு செய்யப்பட்ட விமானங்களில்தான் முன் இருக்கைகளுக்கு அது சட்டக் கட்டாயம். அதற்கு முந்தைய விமானங்கள் பலவற்றில் இடுப்பு வார் மட்டுமே இருக்கும். உங்களுடையதும் அப்படி என்றால், சேர்த்த பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

அடுத்தது, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி. பழைய விமானங்களில் இதனுள் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றுவது இன்ஜினோடு இணைந்த ஒரு வாக்குவம் பம்பு. அது பெரும்பாலும் முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடும். நின்ற பிறகும் கருவியின் சக்கரம் சிறிது நேரம் சுழன்று, மெல்ல மெல்லச் சரிந்து, தவறான சாய்வைக் காட்டிக்கொண்டிருக்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு வெளியே அடிவானம் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வும் அங்கே ஏமாற்றும். கருவியை நம்பி விமானத்தைத் திருப்பியே உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் மலிவான மின்னணுக் கருவிகள் வந்துவிட்ட பிறகும், சான்றளிக்கப்பட்ட பழைய விமானங்களில் அவற்றைப் பொருத்த நெடுங்காலம் அனுமதி கிடைக்கவில்லை. தாமே விமானம் கட்டுவோருக்காக 1953-இல் தொடங்கப்பட்ட ஈ.ஏ.ஏ. சங்கம் எஃப்.ஏ.ஏ.-யிடம் தொடர்ந்து வாதாடி, 2016-இல் டைனான் நிறுவனத்தின் கருவி ஒன்றுக்கு அனுமதி பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் கார்மின் நிறுவனத்தின் ஜி5 கருவிக்கும் வழி திறந்தது. இன்று நீங்கள் அதைப் பொருத்த முடிவது அந்த வாதாட்டத்தின் பலன். இப்படி இரண்டு கருவிகளைப் பொருத்தி, வாக்குவம் பம்பையே கழற்றி எறிந்தவர்கள் பலர். நானும் அப்படித்தான் செய்தேன்.

உங்கள் விமானத்தில், அது இருக்கும் இடத்தைத் தானாகவே வானொலியில் அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி கருவி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதியில் 2020 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். எதைப் பொருத்தினாலும், எதைக் கழற்றினாலும், எடைக் கணக்குத் தாளைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பெரிய திரை வாங்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சியாளரோடு பறக்க ஒதுக்குங்கள், ஏனென்றால் புதிய திரையின் பொத்தான்களைத் தேடிக் குனிந்திருக்கும் விமானி வெளியே பார்ப்பதில்லை. பெயின்ட் காத்திருக்கலாம்.

கேள்வி: சின்னச் சின்ன வேலைகளை நானே செய்யச் சட்டம் இடம் தருமா?
— மிஷிகன் வாசகர்

பதில்: தரும். விமானி உரிமம் உள்ளவர் தம் சொந்த விமானத்துக்கு எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்யலாம், பேட்டரியைப் பராமரிக்கலாம். செய்த வேலை, தேதி, கையெழுத்து, உரிம எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் முறை ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறு விமான நிலையத்தை மூட வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்திருக்கிறார்கள். சத்தத்தையும், ஈயம் கலந்த எரிபொருளையும் காரணம் காட்டுகிறார்கள். நான் விமானம் வைத்திருப்பவன். என் மகள் படிப்பதோ ஓடுபாதைக்கு அருகில் உள்ள பள்ளியில். நான் எந்தப் பக்கம் நின்று பேசுவது?
— கலிபோர்னியா வாசகர்

பதில்: ஈயத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி, பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். நாம் ஊற்றும் நீல நிற 100 எல்.எல். எரிபொருளில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பெரிய இன்ஜின்களில் எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனைச் சிதைக்காமலிருக்க அது சேர்க்கப்படுகிறது. சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ நிலையத்தைச் சுற்றி வசிக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவை ஆராயச் செய்த மாவட்ட நிர்வாகம், 2022 தொடக்கத்திலிருந்து அங்கே இந்த எரிபொருளின் விற்பனையை நிறுத்தியது. விமான எரிபொருளின் ஈயம் பொது ஆரோக்கியத்துக்குக் கேடு என்று 2023 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் முறைப்படி அறிவித்தது. இவற்றை மறுத்துப் பேசும் விமானியின் மற்ற வார்த்தைகளையும் ஊரார் நம்ப மாட்டார்கள்.

மாற்று வழி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. 172 போன்றவற்றின் குறைந்த அழுத்த இன்ஜின்கள் பலவற்றுக்கு 94 ஆக்டேன் ஈயமற்ற எரிபொருள் போதும். பிஸ்டன் இன்ஜின்கள் எல்லாவற்றுக்குமான ஜி100யூ.எல். என்னும் ஈயமற்ற எரிபொருளுக்கு எஃப்.ஏ.ஏ. 2022 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. அது சில விமானங்களின் பெயின்டையும் எரிபொருள் தொட்டியின் கசிவைத் தடுக்கும் பூச்சையும் கெடுக்கிறது என்ற புகார்கள் எழுந்து, விவாதம் நீடிக்கிறது. 2030 இறுதிக்குள் ஈயத்தைக் கைவிடுவதே அரசும் தொழில்துறையும் சேர்ந்து வைத்திருக்கும் இலக்கு. உங்கள் நிலையத்தில் ஈயமற்ற எரிபொருளுக்கு ஒரு தொட்டி வேண்டும் என்று மனுக்கொடுக்கும் முதல் ஆள் விமான உரிமையாளராகிய நீங்களாக இருங்கள். அது உங்கள் மகளுக்கும் நல்லது, நிலையத்துக்கும் நல்லது.

நிலையத்தை மூடுவது வேறு விஷயம், ஏனென்றால் மூடிய ஓடுபாதை திரும்ப வராது. சிகாகோவில் ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற நிலையம் இருந்தது. 2003 மார்ச் 30 நள்ளிரவில், மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் உத்தரவின்படி புல்டோசர்கள் நுழைந்து, ஓடுபாதையின் நடுவில் பெரிய பெருக்கல் குறிகளாகப் பள்ளம் தோண்டின. விடிந்தபோது பதினாறு விமானங்கள் வெளியேற வழியின்றி அங்கே நின்றன. பின்னர் அவை பக்கத்து இணைப்புப் பாதையிலிருந்து மேலெழும்பிப் போயின. முன்னறிவிப்பு கொடுக்காததற்காக நகராட்சிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 33,000 டாலர். இன்று அந்த இடம் பூங்கா. சான்டா மோனிகா நிலையத்தையும் 2028 முடிந்த பின் மூடிக்கொள்ளலாம் என்று 2017-இல் நீதிமன்றம் வழியாக உடன்பாடு ஆகிவிட்டது.

அதனால் முதலில் உங்கள் நிலையம் மத்திய அரசின் மானியம் பெற்றதா, கடைசி மானியம் எந்த ஆண்டில் வந்தது என்று விசாரியுங்கள். மானியம் வாங்கிய நிலையத்தைப் பொதுவாக இருபது ஆண்டுகளுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை; மூட நினைக்கும் நகராட்சிகள் சத்தமின்றி மானியம் கேட்பதை நிறுத்திவிடுவது உண்டு. விமான உரிமையாளர்களுக்கும் விமானிகளுக்குமாக 1939 முதல் இயங்கும் ஏ.ஓ.பி.ஏ. சங்கம், அந்தந்த நிலையத்துக்குத் தன்னார்வப் பிரதிநிதிகளை வைத்திருக்கிறது. உங்கள் நிலையத்துக்கு ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. பள்ளி நடக்கும் நேரத்தில் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதை வேறு நிலையத்துக்கு மாற்றுங்கள். பயிற்சிப் பள்ளியாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுத்தீயின்போது அந்த ஓடுபாதையிலிருந்து பறந்த விமானங்கள், இரவில் நோயாளியை ஏற்றிச் சென்ற மருத்துவ ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றின் கணக்கை நிலைய மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஈ.ஏ.ஏ.-யின் இளம் கழுகுகள் திட்டம் 1992 முதல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை இலவசமாகப் பறக்க அழைத்துச் சென்றிருக்கிறது. அப்படி ஒரு சனிக்கிழமையை உங்கள் ஊரிலும் நடத்தி, மனுவில் கையெழுத்திட்டவர்களின் வீடுகளுக்கே முதலில் போய் அழையுங்கள். காலையில் இறக்கையின் அடியிலிருந்து எரிபொருளை ஒரு கண்ணாடிக் குழாயில் இறக்கி, அடியில் நீர்த்துளி தேங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்போமே, அதை உங்கள் மகளின் வகுப்புத் தோழிகள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எரிபொருள் நீலமாக இருப்பது ஏன் என்று அவர்கள் கேட்டால், ஈயம் பற்றியும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நகரமன்றக் கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடங்களே பேசக் கிடைக்கும். ஈயமற்ற எரிபொருள் கேட்டு நீங்கள் கொடுத்த மனுவின் நகலைக் கையில் எடுத்துச் சென்று, அதிலிருந்தே பேசத் தொடங்குங்கள்.