மின்னணுத் தடய அறிக்கை எழுதுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஆய்வுக் குறிப்புகளை எப்போது எழுதத் தொடங்க வேண்டும்?

பதில்: ஆய்வுக்குரிய செல்பேசியோ கணினியோ நம் கைக்கு வரும்போதே தொடங்கிவிட வேண்டும். யார் ஒப்படைத்தார், எத்தனை மணிக்கு, முத்திரை சிதையாமல் இருந்ததா, செல்பேசி இயங்கிக்கொண்டிருந்ததா, வரிசை எண் என்ன என்பதை எல்லாம் அப்போதே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதிய குறிப்பு குறுக்கு விசாரணையில் நிற்பது கடினம்.

கேள்வி: மென்பொருள் தரும் அறிக்கையையே அச்சிட்டுக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. 2011-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஒரு கொலை வழக்கில், குளோரோஃபார்ம் பற்றிய இணையப் பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு சாட்சியம் அளித்தது. அந்த எண்ணைத் தந்த மென்பொருளை உருவாக்கியவரே பின்னர் தரவை மறுபடி ஆராய்ந்து, ஒரே முறைதான் பார்க்கப்பட்டது என்று கண்டறிந்தார். வேறொரு மென்பொருள் அதே ஃபயர்ஃபாக்ஸ் வரலாற்றுக் கோப்பிலிருந்து முன்பே 1 என்றுதான் காட்டியிருந்தது. ஒருவரின் உயிரே பணயமாக இருந்த வழக்கு அது. ஆகவே முக்கியமான ஒவ்வொரு முடிவையும் இரண்டாவது மென்பொருளாலோ மூலத் தரவை நேரடியாகப் படித்தோ சரிபார்த்து, சரிபார்த்த முறையையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் அறிக்கையில் சேருங்கள். இரண்டு மென்பொருள்கள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: தரவு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்பை எந்த முறையில் கணக்கிட வேண்டும்?

பதில்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்குத் தர வேண்டிய சான்றிதழ் இரண்டு பகுதிகள் கொண்டது; இரண்டாவதை நிபுணர் நிரப்ப வேண்டும். அதில் எம்டி5, ஷா1, ஷா256 என்ற ஹாஷ் கணக்கீட்டு முறைகள் மூன்றுமே இடம்பெற்றுள்ளன. முதல் இரண்டிலும் வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வருமாறு வேண்டுமென்றே செய்ய முடியும் என்பதால், நான் ஷா256-ஐயே பரிந்துரைப்பேன்.

கேள்வி: நேரங்களை இந்திய நேரத்தில் எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் மூலத்தில் இருந்த நேரத்தையும் உடன் தர வேண்டும். விண்டோஸ் கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு உலகப் பொது நேரத்தில் (யுடிசி) பதிகிறது. பென் டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு உள்ளூர் நேரத்தில் பதிகிறது. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால், ஐந்தரை மணி நேரப் பிழை புகுந்து நிகழ்வுகளின் வரிசையே மாறிவிடும்.

கேள்வி: “இவர்தான் கோப்பை நீக்கினார்” என்று எழுதலாமா?

பதில்: கூடாது. இன்ன பயனர் கணக்கு திறந்திருந்தபோது கோப்பு நீக்கப்பட்டது என்பது வரைதான் கணினி சொல்லும். விசைப்பலகையின் முன் யார் இருந்தார் என்பதைப் பிற சாட்சியங்களைக் கொண்டு நீதிமன்றம் முடிவு செய்யும்.

கேள்வி: தேடியும் கிடைக்காதவற்றைக் குறிப்பிட வேண்டுமா?

பதில்: அவசியம் வேண்டும். எந்தச் சொற்களைக் கொண்டு, எந்தப் பகுதிகளில் தேடினோம் என்பதோடு, மறையாக்கத்தால் (என்கிரிப்ஷன்) திறக்க முடியாமல் போன பகுதிகளையும் தனியே குறிப்பிடுங்கள்.