கிளிங்க் – கடிதமும் பதிலும்

ஐயா,

பழைய பிரிட்டிஷ் ராணுவக் கதைகளில் சிப்பாய்கள் சிறையை 'கிளிங்க்' என்கிறார்கள். கைவிலங்குச் சத்தத்திலிருந்து வந்த சொல் என்று என் ஆசிரியர் சொன்னார். சரிதானா?

– எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

பாதி சரி. கிளிங்க் என்பது முதலில் ஒரே ஒரு சிறையின் பெயர். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் வட்டாரத்தில் இருந்தது. அந்தப் பெயர்தான் பேச்சில் பரவி எல்லாச் சிறைக்கும் ஆகிவிட்டது. அந்தச் சிறைக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டால்தான் இரும்பின் ஓசையைச் சொல்கிறார்கள். தாழ்ப்பாளைக் குறிக்கும் டச்சுச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு.

சிறையின் சொந்தக்காரர் வின்செஸ்டர் பிஷப். பக்கத்திலேயே அவர் அரண்மனை. அந்த வட்டாரம் லண்டன் மாநகர அதிகாரத்துக்குக் கட்டுப்படாதது. விசாரணையும் தண்டனையும் பிஷப்பின் ஆட்கள் கையில். மாநகருக்குள் இடம் கிடைக்காத விபச்சார விடுதிகளும், பின்னாளில் ரோஸ், குளோப் நாடக அரங்குகளும் அங்கே முளைத்தது அதனால்தான்.

காவலர்கள் கைதிகளிடம் பிடுங்கித்தான் பிழைத்தார்கள். படுக்கைக்குக் காசு, மெழுகுவர்த்திக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. கனத்த கால்விலங்கைக் கழற்றி லேசானதைப் பூட்டவும் காசு. கையில் இல்லாதவர்கள் தெருவைப் பார்த்த கம்பி வழியே போவோர் வருவோரிடம் பிச்சை கேட்டார்கள். மதகுரு ஒருவரின் பெயரால் இது நடந்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

16ஆம் நூற்றாண்டில் மதக் கொள்கைக்காகவும் பலரை அங்கே அடைத்தார்கள். 1580களில் ஜான் கிரீன்வுட் என்ற போதகர் உள்ளே இருந்தார். அவரைப் பார்க்கப் போனார் நண்பர் ஹென்றி பாரோ. பிடியாணை எதுவும் கிடையாது. சிறைக்காவலர் அவரையும் பிடித்துவைத்துக்கொண்டார். பார்க்கப் போனவர் அதன்பிறகு விடுதலையாகவே இல்லை. அரசின் திருச்சபையை ஏற்காமல் எழுதியதற்காக 1593 ஏப்ரலில் இருவரையும் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிட்டார்கள். சிப்பாய்கள் வாயில் விளையாட்டாக ஒலிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு பாரோவின் நினைவுதான் வரும்.

1780இல் கத்தோலிக்கர்களுக்கு எதிராக லண்டனில் வெடித்த கார்டன் கலவரத்தின்போது கூட்டம் புகுந்து கைதிகளை வெளியே விட்டுக் கட்டடத்தைக் கொளுத்தியது. மறுபடி கட்டவில்லை. கிளிங்க் தெரு இன்றும் இருக்கிறது, சிறைக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பிஷப் அரண்மனையின் ஒரு சுவர், வட்டவடிவ ரோஜா ஜன்னலோடு, அதே தெருவில் நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் லண்டன் போனால் இரண்டையும் பார்த்துவரச் சொல்லுங்கள்.