கேள்வி – பதில்: ஓடுகளுக்கு நடுவே துருத்திய துண்டு

கேள்வி: 2005 ஆகஸ்டில், டிஸ்கவரி விண்ணோடத்தின் அடிப்பகுதியில் வெப்பக் காப்பு ஓடுகளுக்கு நடுவே துருத்திய துணித் துண்டுகளை விண்வெளி வீரர் ஸ்டீபன் ராபின்சன் விண்வெளியில் கையாலேயே உருவி எடுத்தார். அங்குலக் கணக்கில் இருந்த துண்டு அவ்வளவு ஆபத்தா? பூமிக்குத் திரும்பி வளிமண்டலத்தில் நுழையும்போது அதனால் ஏறும் சூட்டை எப்படிக் கணக்கிடுவார்கள்?

பதில்: துண்டு கருகினால் போகட்டும். அதற்குப் பின்னால் இருக்கும் ஓடுகள்தான் கவலை.

முதலில் இப்படித் துருத்தும் புடைப்பே இல்லாத வழவழப்பான பரப்புக்குக் கணக்குப் போட வேண்டும். இறங்கும் பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தில் எல்லைப்படலத்தின் (பரப்பை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் காற்று அடுக்கின்) தடிமன், வேகம், வெப்பப் பாய்வு (பரப்புக்குள் சூடு பாயும் வீதம்) எவ்வளவு? பிறகு புடைப்பின் உயரத்தைப் படலத்தின் தடிமனால் வகுக்க வேண்டும். புடைப்பு படலத்துக்குள் அமிழ்ந்திருந்தால், அதன் மேல் மோதுவது அந்த உயரத்தில் உள்ள வேகம்தான். விண்ணோடத்தின் வேகம் அல்ல. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

புடைப்பை நெருங்கும் காற்று, முன்னாலேயே பரப்பை விட்டுப் பிரிந்து, குதிரைலாடம் போலச் சுருண்டு இருபுறமும் ஓடும். அதனால் மேல்விளிம்பும், அடிவாரத்தின் இரு பக்கங்களும் அதிகம் காயும். முனை எவ்வளவு கூரோ அவ்வளவு சூடு: வளைவு ஆரம் நான்கில் ஒன்றானால் முனையில் வெப்பப் பாய்வு இரு மடங்கு.

அடுத்து, புடைப்பின் உயரத்தில் ரெனால்ட்ஸ் எண்: ஓட்டம் சீராக இருக்குமா, கொந்தளிக்குமா என்று காட்டும் எண். அது வரம்பைத் தாண்டினால் படலம் கலைந்து கொந்தளிப்பாகும். அந்தக் கொந்தளிப்பு புடைப்புக்குப் பின்னால் ஆப்பு வடிவில் விரியும். வெப்பப் பாய்வு இரண்டு, மூன்று மடங்காவது சாதாரணம். ஓடு கதிர்வீச்சால் சூட்டை வெளியேற்றுவதால், கெல்வின் வெப்பநிலை பாய்வின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப மட்டுமே ஏறும். 1000 டிகிரி செல்சியஸில் இருந்த ஓடு, பாய்வு இரட்டித்தால் சுமார் 1240; மும்மடங்கானால் 1400. அடிப்பகுதியில் உள்ள கறுப்பு ஓடுகளின் வரம்போ ஏறக்குறைய 1260! கொந்தளிப்பு முன்கூட்டியே தொடங்கினால் ஓடு காயும் நேரமும் நீளும். ஓடுகளுக்கு உள்ளே இருக்கும் அலுமினிய உடலுக்கு வரம்பு 177 டிகிரிதான்.

கேள்வி: காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்து அளந்தால் போதாதா?

பதில்: அளக்கலாம், ஆனால் கவனம் தேவை. பரப்பின் வெப்பநிலை ஏற்றத்தை வைத்துப் பாய்வைக் கணக்கிடும்போது, சூடு நேராக உள்ளே மட்டும் போகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். சின்னப் புடைப்பின் விளிம்புக்கு இரண்டு பக்கமிருந்தும் சூடு வருகிறது. எனவே உண்மையைவிட அதிகம் காட்டும். விளிம்பில் கிடைத்த உச்ச எண்ணை அப்படியே வடிவமைப்பில் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டுக் கடத்தலையும் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள்.

2009 மார்ச்சில் அதே டிஸ்கவரியின் இடது இறக்கைக்கு அடியில் கால் அங்குலப் புடைப்பை வேண்டுமென்றே பொருத்தி, பின்னால் வெப்ப இரட்டைகளை (வெப்பநிலை அளக்கும் உணரிகளை) வைத்துப் பறக்கவிட்டார்கள். சுரங்கத்தில் வராத நிலைமைகள் அங்கேதான் கிடைக்கும்.