நாலு மாசம் ஆச்சு, இன்னும் சடை பிடிக்கவில்லையே!

வியாசர்பாடியிலிருந்து 22 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இயற்கையாக ட்ரெட்லாக்ஸ், அதாவது கயிறு மாதிரித் திரண்ட சடைமுடி, வளர்க்க ஆசைப்பட்டு, சீப்பைத் தொட்டு நாலு மாசம் ஆகிறது. பிடரியில் மட்டும் சிக்கு பிடித்திருக்கிறது, முன்பக்கம் வெறும் பரட்டை. குளித்தால் அவிழ்ந்துவிடும் என்று தலைக்குத் தண்ணீரே அதிகம் விடுவதில்லை. இப்போது அரிப்பு. கொக்கி ஊசியால் முடியைக் கோத்து இழுத்து ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒரு சலூனில் சொல்கிறார்கள், போகலாமா? காசிமேட்டில் கடல் தண்ணீரில் முடியை நனைத்தால் சீக்கிரம் பிடிக்குமா? சாமி சடை விழுந்தால் வெட்டக் கூடாதே என்று அம்மா வேறு பயப்படுகிறார்."

தம்பி, பிடரியில் முதலில் பிடிப்பதுதான் வழக்கம். தூங்கும்போது தலையணையில் உரசுகிற இடம் அது. நெற்றி ஓரம் மெதுவாகத்தான் வரும்.

சடை எப்படிப் பிடிக்கிறது தெரியுமா? நம் எல்லாருக்குமே தினமும் 50 முதல் 100 முடி வரை உதிரும். சீவுகிறவர்களுக்கு அது சீப்போடு போய்விடும். சீவாமல் விட்டால் உதிர்ந்த முடி பக்கத்து முடிகளில் சுற்றிக்கொண்டு அங்கேயே தங்கும். சடையின் உள்ளே திணிந்திருப்பதில் பெரும்பங்கு இதுதான். முடி மாசத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். சுருட்டை முடிக்காரர்களுக்குச் சில மாசத்திலேயே பிடித்துவிடும். நம் ஊரில் பலருக்கும் இருக்கிற நேர் முடியும் அலை முடியும் கெட்டிப்பட ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் கூட ஆகலாம். நடுவில் முடி உள்ளே சுற்றிச் சுற்றி நீளமும் குறையும். பல பேர் 'வளரவே மாட்டேங்குது' என்று கத்தரி எடுப்பது அப்போதுதான்.

குளிக்காமல் இருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி வழுக்கும், சுத்தமான முடிதான் ஒன்றையொன்று பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு முறை சாதாரண ஷாம்பு போதும். கண்டிஷனரும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மெழுகு வேண்டவே வேண்டாம். உள்ளே போன மெழுகு லேசில் வெளியே வராது, தூசியை வேறு இழுக்கும். சீயக்காய்த் தூளும் சடைக்குள் சிக்கிக்கொள்ளும். இயற்கையாகத்தான் வேண்டும் என்றால் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு குடம் மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள்.

குளிப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. மீன்பிடிப் படகில் கட்டுகிற கயிறு மாதிரிதான் சடையும்: மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் அந்த ஈரம் பூஞ்சை பிடித்து நாற ஆரம்பித்தால் பிறகு ஷாம்புவுக்கு அடங்காது. அதனால் ராத்திரிக் குளியல் கூடாது. காலையில் குளித்து, ஒவ்வொரு கொத்தாகத் துண்டில் பிழிந்து வெயிலில் நில்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார வேண்டியதுதான். ஈரத்தோடு கட்டுவதும் ஹெல்மெட் மாட்டுவதும் கூடாது. காய்ந்த பிறகு ஒரு சடையை விரலால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

இன்னொரு வேலை, பிரித்துவிடுவது. குளித்து அரை ஈரமாக இருக்கும்போது விரலை வேர்ப்பக்கம் விட்டுத் தடவுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சடைகள் அடியில் ஒட்டியிருக்கும். இரண்டையும் இரண்டு கையில் பிடித்து மெதுவாக விலக்குங்கள். வாராவாரம் செய்தால் விரலோடு போகும், மாசக்கணக்கில் விட்டால் கத்தரி கேட்கும். உங்கள் பிடரி இப்போது ஒரே தட்டையாகச் சேரப் பார்க்கிறது, அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

கொக்கி ஊசி பாவம் ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் கேட்டது இயற்கையான சடை. ஊசியில் முடி அறுபடும். வேரில் புதிதாக வளர்வது எப்படியும் பரட்டையாகத்தான் வரும், மறுபடி சலூனுக்கு ஓட வேண்டும். மாசாமாசம் இறுக்கி முறுக்குகிறவர்களுக்கு நெற்றி ஓரத்தில் முடி கொட்டலாம். இழுபட்டுக்கொண்டே இருந்தால் வேர் செத்து, அங்கே நிரந்தரமாகச் சொட்டை விழலாம். காசு உங்களுடையது, நான் போக மாட்டேன்.

உப்பு முடிக்குப் பிடிமானம் தருவது உண்மைதான். அதற்காகக் காசிமேட்டில் இறங்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். துறைமுகத்துத் தண்ணீரும் தலைக்கு ஆகாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு கரைத்து எப்போதாவது தெளியுங்கள், அதுவும் அரிப்பு நின்ற பிறகு.

அரிப்பு பெரும்பாலும் அழுக்கும் பொடுகும்தான். ஒழுங்காகக் குளித்தும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால், அல்லது வட்டமாக முடி கொட்டினால், சீழ் வைத்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டுங்கள்.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். சீவாத முடி சிக்குப் பிடிக்கும், அதில் சாமி குற்றம் எதுவும் இல்லை, வெட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நாளைக்கு உங்களுக்கே வேண்டாம் என்று தோன்றினால், இந்த நாலு மாசச் சிக்கைக் கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடலாம். நன்றாகக் கெட்டிப்பட்ட பிறகு என்றால் பெரும்பாலும் மொட்டைதான்.