வகிட்டை விடுங்கள், குரலைக் கவனியுங்கள்

ரோஸ்மேரி எண்ணெய், சா பால்மெட்டோ என்ற பனைவகைப் பழச்சாறு சேர்த்த சீரம், சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய கரிசலாங்கண்ணித் தைலம், இதில் எதைத் தேய்த்தால் வகிடு அகலமாவது நிற்கும் என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "நாலு மாசமா மாதவிலக்கு வரல, தாடையில முடி முளைக்குது, போன்ல பேசினா 'சார்'னு கூப்பிடுறாங்க." 34 வயதில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில்.

இந்த வாரமே பாலிகிளினிக் போங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்தபின் டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏஎஸ் என்ற ஆண் ஹார்மோன்கள், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், தைராய்டு ஆகியவற்றின் அளவுகளைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். மாதவிலக்கு தள்ளிப்போவதற்கும் தாடை முடிக்கும் பெரும்பாலும் காரணம் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு. ஆனால் அது பொதுவாகப் பதின்ம வயதிலிருந்தே மெல்ல மெல்ல வரும். குரலைத் தடிக்க வைப்பது அரிது. சில மாதங்களிலேயே குரல் மாறினால், சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ ஆண் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அரிதான விஷயம்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இன்றிரவு இணையத்தில் இதைத் தேடாதீர்கள். அங்கே எல்லா நோயும் புற்றுநோயில்தான் முடியும்.

இனி எண்ணெய். ரோஸ்மேரியைப் பற்றி எல்லாரும் காட்டுவது 2015இல் வந்த ஓர் ஆய்வு. 100 ஆண்கள், 6 மாதம், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றார்கள். ரோஸ்மேரி கலக்காத வெறும் எண்ணெய் தடவிய குழு அதில் இல்லை, பெண்களும் இல்லை. முடி வேரைச் சுருக்கும் டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோனை உருவாக்கும் நொதியைச் சா பால்மெட்டோ தடுக்கக்கூடும் என்பது சரி. தலையில் தடவிப் பார்த்த ஆய்வுகளோ சிறியவை. உடம்புக்குள் ஆண் ஹார்மோன் கொட்டிக்கொண்டிருக்கும்போது தலையில் சீரம் தடவுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதை. உச்சந்தலை எரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்; ரோஸ்மேரி எண்ணெயை வேறு எண்ணெயில் கலக்காமல் நேராக ஊற்றியதால்தான் இருக்கும். நிறுத்துங்கள்.

முடி கொட்டுவதற்குச் சிங்கப்பூர்த் தண்ணீரா காரணம்? இல்லை. தினமும் தலைக்குக் குளிக்கலாமா? தாராளமாக.

முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வேறு விழுங்குகிறீர்களே, யாரைக் கேட்டு? அதிக அளவு பயோட்டின், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் அளவுகளைத் தவறாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள். மினாக்சிடில் வேண்டுமா என்பதை ரிப்போர்ட் வந்தபிறகு பேசலாம்.