நிலத்து ரோசா தப்பியது, சாடி ரோசா ஏன் பட்டுப்போனது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிறேன். ஒரே இன ரோசா இரண்டு வாங்கினேன். பின்வளவில் நட்டது மைனஸ் 20 பாகையையும் தாங்கி வசந்தத்தில் துளிர்த்தது. டெக்கில் பூச்சாடியில் வைத்தது பட்டுப்போனது. இரண்டும் ஒரே குளிரில்தானே நின்றன?

பதில்: தண்டுகளுக்கு ஒரே குளிர்தான். வேர்களுக்கு அப்படியில்லை.

கலத்துக்குள் பனிக்கட்டி உருவானால் அந்தக் கலம் செத்தது. இதைத் தவிர்க்க, பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கும்போதே ரோசா ஆயத்தமாகிவிடும். சேமித்த மாப்பொருளில் ஒரு பங்கைச் சீனியாக்கி வைக்கும். உறைகுளிர் வந்ததும் கலங்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உள்ள ஈரம் முதலில் கட்டியாகும். உள்ளே இருக்கும் நீரையும் தன் பக்கம் இழுக்கும். கலத்தில் மிஞ்சுவது தடித்த சாறு. சீனிப்பாகை ஃபிரீஸரில் வைத்தால் தண்ணீரைப்போல இறுகாது அல்லவா, அதே கணக்குத்தான்.

இந்தத் தாங்குசக்தி தண்டுக்கு நன்றாக வாய்க்கும், வேருக்கு அவ்வளவாக இல்லை. பல மரச்செடிகளின் இளம் வேர்கள் மைனஸ் 5, மைனஸ் 10 பாகையிலேயே அழிந்துவிடும். நிலத்தில் அது பிரச்சினையில்லை. ஸ்னோ மூடிக்கிடந்தால் மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் அடிமண் பூச்சியத்துக்கு அண்மையிலேயே நிற்கும். சாடிக்கோ நாலு பக்கமும் காற்று. உள்ளிருக்கும் மண் சீக்கிரமே காற்றின் குளிருக்கு இறங்கிவிடும்.

அடுத்த முறை, இலை உதிர்ந்து சில மென்பனிகளும் விழுந்தபின் சாடியைச் சூடாக்கப்படாத கராஜுக்குள் வையுங்கள். மண் முற்றாகக் காயாமல் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் போதும். கராஜ் இல்லையென்றால் சாடியோடு நிலத்தில் புதைத்து விடலாம். பாவம் பார்த்து வரவேற்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். சூட்டில் உறக்கம் கலைந்து, வெளிறிய துளிர் விட்டுச் சோர்ந்துபோகும். (கறிவேப்பிலைக்கு இது நேர்மாறு. அதற்கு உறைகுளிரைத் தாங்கவே தெரியாது. இரவு 10 பாகைக்கு இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள்.)

நிலத்து ரோசாவுக்கும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் நைதரசன் பசளை போடாதீர்கள். புதிதாக வரும் இளந்தண்டு முற்றுவதற்குள் பனி வந்துவிடும். நவம்பரில் ஒட்டுப்போட்ட இடம் மறைய ஓரடி உயரத்துக்கு மண் அணையுங்கள். நடைபாதையில் வழிக்கும் ஸ்னோவை அதன்மேல் கொட்டலாம், உப்புப் போடாததாக இருந்தால் மட்டும்.